பியர் என்பது இணையா, சகாவா, நிகரியா?

பயனர்களின் கணினிகள் தங்களுக்குள்ளேயே கோப்புகளைப் பகிர உதவும் டொரண்ட் செயலி ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நெடுவரிசைத் தலைப்பில் வந்து நின்றேன்: 'பியர்ஸ்' (peers). அதுவரை கோப்பு, அளவு, வேகம், மீதி நேரம் என்று எல்லாம் தடையில்லாமல் போனது. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு முன்னால் மொழிபெயர்த்தவர்கள் ஓரிடத்தில் 'இணை', ஓரிடத்தில் 'சகா', இன்னோரிடத்தில் வெறும் 'பயனர்' என்று போட்டிருந்தார்கள். மூன்றும் ஒன்றல்ல. எது பொருந்தும் என்று தேடப் போனேன். அகராதியைப் புரட்டினால் மட்டும் போதவில்லை. இப்படிக் கோப்பு பகிரும் பிணையங்கள் எப்படி ஓடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் வேர். இலத்தீனில் 'பார்' என்றால் சமமானது. அது பழைய பிரெஞ்சில் 'பெர்' ஆகி, ஆங்கிலத்தில் 'பியர்' ஆனது. ஜோடியைக் குறிக்கும் 'பேர்', ஒப்பிடுதலைக் குறிக்கும் 'கம்பேர்' எல்லாம் அதே வேரின் கிளைகள். 1215-இல் இங்கிலாந்தில் எழுந்த மாக்னா கார்ட்டா, சுதந்திரமான ஒருவனைத் தண்டிக்க வேண்டுமானால் அவனை ஒத்தவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ வேண்டும் என்றது. அந்த 'ஒத்தவர்கள்'தான் பியர்கள். பிற்காலத்தில் அதே சொல் பிரிட்டனில் பிரபுக்களுக்கான பட்டமாகவும் ஆகிவிட்டது. அவர்கள் தங்களுக்குள் சமம், மற்ற எல்லோருக்கும் மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிணையங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது.

கணினித் துறைக்கு இச்சொல் கோப்புப் பகிர்வோடு வந்ததல்ல. 1980-களிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பிணையத் தொழில்நுட்பம் ஒன்றின் பெயரில் 'பியர்-டு-பியர்' என்று வைத்திருந்தது. அதற்கும் முன்னால், 1969-இல் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கிய, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கணினிகளுக்குள் மேல் கீழ் கிடையாது. எதுவும் எதையும் அழைக்கலாம். வழங்கி (சர்வர்) என்றும் அதைக் கேட்டு வாங்கும் கணினி (கிளையண்ட்) என்றும் இரண்டு சாதியாகப் பிரிந்தது பின்னால்தான். வழங்கி எப்போதும் விழித்திருக்கும், நிலையான முகவரி வைத்திருக்கும், கொடுக்கும். நம் கணினி கேட்கும், வாங்கும், மூடிக்கொள்ளும். பியர் என்ற சொல் இந்தப் பிரிவுக்கு எதிரான சொல். ஒரே கணினி ஒரே நேரத்தில் கொடுக்கவும் வாங்கவும் செய்யும் என்பதே அதன் உட்பொருள். 'கொடுக்கல் வாங்கல்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோமே, அதுதான். ஆகவே இதை 'நேரடிப் பகிர்வு' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. நேரடியாகப் போவது விளைவு. சமமாக இருப்பதுதான் பொருள்.

அந்தச் சமம் எந்த அளவுக்கு உண்மை? பிணையத்துக்குப் பிணையம் பதில் மாறுகிறது.

1999-இல் ஷான் ஃபானிங் வெளியிட்ட நாப்ஸ்டரில் பாட்டுக் கோப்புகள் பயனரின் கணினியிலிருந்து பயனரின் கணினிக்கே போயின. ஆனால் யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் வழங்கிகளில் இருந்தது. கொடுப்பதிலும் வாங்குவதிலும் எல்லோரும் சமம். தேடும்போது எல்லோரும் ஒரே வாசலில் நிற்க வேண்டும். பதிப்புரிமை வழக்கில் நீதிமன்றம் தலையிட, 2001 ஜூலையில் அந்த வாசல் மூடப்பட்டது. கோப்புகள் கோடிக்கணக்கான கணினிகளில் அப்படியே இருந்தும் பிணையம் நின்றுபோனது.

அந்த வாசலே இல்லாமல் செய்தது நுடெல்லா. நல்சாஃப்ட் நிறுவனத்தில் ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் எழுதி 2000 மார்ச்சில் வெளியிட்டார்கள். தாய் நிறுவனமான ஏஓஎல் மறுநாளே அதை விலக்கச் சொல்லியும், அதற்குள் பதிவிறக்கியவர்கள் அதன் நெறிமுறையை, அதாவது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகளை, புரிந்துகொண்டு தாங்களே செயலிகள் எழுதிவிட்டார்கள். இதில் பட்டியல் எங்கும் இல்லை. நீங்கள் ஒன்றைத் தேடினால் உங்களுக்கு அண்டையில் உள்ள கணினிகளைக் கேட்பீர்கள், அவை தம் அண்டையைக் கேட்கும், இப்படி ஏழு தாவல் வரை. ஒவ்வொன்றுக்கும் நான்கு அண்டை என்று வைத்துக்கொண்டால், பாதைகள் ஒன்றோடொன்று மோதாத நிலையில் ஒரே கேள்வி 4,372 கணினிகளைத் தட்டும். நீங்கள் தேடியது அரிய கோப்பாக இருந்தால் அத்தனை தட்டலும் வீண். நுடெல்லாக்காரர்கள் தங்கள் செயலியை 'சர்வெண்ட்' என்று அழைத்தார்கள். சர்வர், கிளையண்ட் இரண்டையும் ஒட்டவைத்த சொல் அது. பியர் என்பதன் பொருளை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறு சொல்லை நான் பார்த்ததில்லை. அது நிலைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

முழுச் சமத்துவம் நெரிசலில் மூச்சுத் திணறியது. மெதுவான தொலைபேசி மோடத்தில் இருந்தவரும் வேகமான இணைப்பில் இருந்தவரும் ஒரே சுமையைத் தாங்க வேண்டியிருந்ததுதான் காரணம். எனவே 2001-இல் வந்த கஸாவின் ஃபாஸ்ட்டிராக் பிணையம், வேகமும் வலுவும் உள்ள கணினிகளைத் தானாகவே 'சூப்பர்நோட்' ஆக உயர்த்தியது. சாதாரணக் கணினிகள் அவற்றிடம் தம் பட்டியலைக் கொடுத்துவிடும்; தேடல் சூப்பர்நோட்களுக்குள் மட்டும் ஓடும். நுடெல்லாவும் அதே வழிக்கு வந்து, அதற்கு 'அல்ட்ராபியர்' என்று பெயர் வைத்தது. மிகையான சமமானவர்! பிரபுக்களின் கதை இங்கே திரும்பிவிட்டது. கஸாவுக்கு வேறொரு குறையும் இருந்தது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியை அது கோப்பின் சில பகுதிகளை மட்டும் பார்த்துக் கணக்கிட்டது. பார்க்காத பகுதிகளில் குப்பையை நிரப்பினாலும் குறி மாறாது. போலிக் கோப்புகள் பெருகின.

ஈடாங்கி, ஈமியூல் என்ற செயலிகளின் குடும்பம் வேறு தினுசு. வழங்கிகள் உண்டு, ஆனால் யார் வேண்டுமானாலும் நடத்தலாம். கோப்பு 97,28,000 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. ஈமியூலில் எனக்குப் பிடித்தது அதன் வரவுக் கணக்கு. நீங்கள் எனக்குக் கொடுத்தது என் கணினியில் பதிவாகும். அடுத்த முறை என் வரிசையில் நீங்கள் வேகமாக முன்னேறுவீர்கள். அந்த மதிப்பு என்னிடம் மட்டும் செல்லும், இன்னொருவரிடம் செல்லாது.

பிராம் கோஹன் 2001 ஜூலையில் வெளியிட்ட பிட்டொரண்ட், தேடலைத் தன் வேலையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும், அல்லது கோப்புத் தொகுப்புக்கும், தனித் திரள். அந்தத் திரளில் யார் யார் இருக்கிறார்கள் என்று டிராக்கர் என்ற வழங்கி சொல்லும். கோப்பு துண்டுகளாகும், எஸ்எச்ஏ-1 என்ற முறையில் கணக்கிட்ட ஒவ்வொரு துண்டின் குறியும், திரளில் சேர நாம் முதலில் பெறும் சிறிய டொரண்ட் கோப்பிலேயே இருக்கும். முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்தாலும் துண்டு சரியா என்று உடனே சோதித்து, தவறினால் எறிந்துவிடலாம். (இரண்டாம் பதிப்பு எஸ்எச்ஏ-256-க்கு மாறிவிட்டது.) திரளில் எந்தத் துண்டு அரிதாக இருக்கிறதோ அதை முதலில் கேட்பது வழக்கம். எல்லோரும் முதல் துண்டிலிருந்து வரிசையாக இறக்கினால் எல்லோரிடமும் ஒரே பகுதிதான் இருக்கும், மாற்றிக்கொள்ள ஒன்றும் இராது.

கொடுப்பவருக்கே கொடுப்பது என்ற விதியும் உண்டு. எனக்கு வேகமாகத் தரும் சிலருக்கு நான் தருகிறேன். பத்து வினாடிக்கு ஒருமுறை அந்தத் தேர்வு மறுபடி நடக்கும். ஆனால் புதிதாக வந்தவரிடம் கொடுக்க ஒன்றுமே இல்லையே? அதற்காக ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முப்பது வினாடிக்கு ஒருமுறை யாராவது ஒருவரைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, அவர் தந்தாரா தரவில்லையா என்று பாராமல் கொடுப்பார்கள். வெறும் கைம்மாறு விதியாக மட்டும் இருந்திருந்தால் புதியவருக்குக் கதவு திறந்தே இருக்காது. இந்த முப்பது வினாடி ஏற்பாட்டை நான் அந்த நெறிமுறையின் இதயம் என்றே கருதுகிறேன்.

சமமாக இருப்பதால் என்ன ஆதாயம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு வழங்கி வினாடிக்கு 10 மெகாபைட் அனுப்பும். 1,000 மெகாபைட் கோப்பு 1,000 பேருக்குப் போக வேண்டும். வழங்கி மட்டும் கொடுத்தால் 1,00,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 28 மணி நேரம். அந்த 1,000 பேரும் ஆளுக்கு வினாடிக்கு ஒரே ஒரு மெகாபைட் மேலேற்றினால், மொத்தத் திறன் 1,010 மெகாபைட். ஏட்டுக் கணக்கில் 17 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடைமுறையில் கூடுதலாகும்தான். ஆனாலும் வழங்கியில் ஆள் கூடினால் வேகம் குறைகிறது, இங்கே ஆள் கூடினால் திறனும் கூடுகிறது. லினக்ஸ் வழங்கல்கள் பல தம் நிறுவல் கோப்புகளை டொரண்டாகவும் தருவது இதனால்தான்.

டிராக்கர் என்ற அந்த மீதி வாசலையும் கழற்றியது கடெம்லியா. பெட்டார் மேமௌன்கொவ், டேவிட் மாசியேர் இருவரும் 2002-இல் முன்வைத்த முறை இது. ஈமியூலின் கேட் பிணையமும் பிட்டொரண்டின் பொதுவான பகிர்ந்த அட்டவணையும் இதன் மேல் நிற்கின்றன. மூல வடிவில் ஒவ்வொரு கணினிக்கும் 160 பிட் எண் ஒன்று, ஒவ்வொரு கோப்புக் குறிக்கும் அதே அளவில் எண். எந்தக் கணினியின் எண் கோப்பின் எண்ணுக்கு நெருக்கமோ, அது அந்தக் கோப்பைப் பற்றிய குறிப்பை வைத்திருக்கும். நெருக்கம் என்பது நில தூரமல்ல. இரு எண்களின் பிட்கள் எங்கே வேறுபடுகின்றன என்ற கணக்கு. ஒவ்வொரு தாவலிலும் தேட வேண்டிய பரப்பு பாதியாவதால், பத்து லட்சம் கணினிகளுக்குள் தேடினாலும் இருபது தாவல் அளவில் முடிந்துவிடும். நுடெல்லா ஆயிரக்கணக்கான கதவைத் தட்டியதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியல் இருக்கிறது, ஆனால் எல்லோரிடமும் ஆளுக்கொரு துணுக்காக இருக்கிறது. கோப்பின் குறியைத் தாங்கிய 'காந்த இணைப்பை' (மேக்னட் லிங்க்) மட்டும் வைத்துக்கொண்டு கோப்பைத் தேடிப் பிடிக்க முடிவது இதனால்தான்.

சமத்துவம் குறைவது சில நேரம் நெறிமுறையால் அல்ல, கம்பியால். தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஏடிஎஸ்எல் இணைய இணைப்பின் பெயரிலேயே சமச்சீரின்மை இருக்கிறது: இறக்கம் வேகம், ஏற்றம் மெதுவு. ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து தெரியும் சொந்த முகவரி பெரும்பாலும் கிடையாது. அது பிறரை அழைக்கலாம், பிறர் அதை எளிதில் அழைக்க முடியாது. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். திரளில் இருக்கும் எல்லோருக்கும் மற்றவர்களின் ஐபி முகவரி தெரியும். சமமாக இருப்பதன் விலை அது.

இப்போது சொல்லுக்கு வருவோம்.

'இணை' அழகான சொல்தான். ஈடு இணையற்ற என்கிறோம், அங்கே சமம் என்ற பொருள் உயிரோடு இருக்கிறது. ஆனால் 'இணை இயக்குநர்' இயக்குநருக்குக் கீழ். தவிர, இடைமுகத்தில் 'இணைப்பு' என்ற சொல் வரிக்கு வரி வரும். 'இணைகள் இணைக்கப்பட்டன' என்று எழுதிப் பார்த்தேன், படிக்கவே கூசியது. 'இணையர்' என்றால் இன்று பலருக்கும் கணவன் மனைவிதான் நினைவுக்கு வருவார்கள்.

'சகா' வடமொழியில் தோழன். டொரண்ட் திரளில் இருப்பவர்கள் தோழர்கள் அல்லர், முன்பின் அறியாதவர்கள். தோழர்களாக இருந்தால் பத்து வினாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும் விதியே தேவைப்பட்டிருக்காது. 'பயனர்' ஆளைச் சொல்கிறது; பியர் என்பதோ ஓடிக்கொண்டிருக்கும் செயலி. 'கணு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை நோட் என்பதற்கே விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் பிட்டொரண்டின் அட்டவணை நெறிமுறை இரண்டையும் வேறுபடுத்துகிறது: கோப்பைப் பரிமாறுவது பியர், அட்டவணையில் பங்கேற்பது நோட். ஒரே செயலி இரண்டாகவும் இருக்கலாம், ஆனால் வேலை வேறு.

நான் வந்து சேர்ந்தது 'நிகரி'. நிகர்த்தல் என்றால் ஒத்திருத்தல். உலாவி, செயலி, வழங்கி என்ற வரிசையில் அதே ஈற்றோடு இயல்பாக உட்காருகிறது. குறிப்பாக வழங்கிக்கு எதிரே வைத்தால் வேறுபாடு சட்டென்று விளங்கும். வழங்கிப் பிணையம், நிகரிப் பிணையம். 'நிகர லாபம்' என்பதில் வரும் நிகரத்தோடு குழம்புமோ என்று தயங்கினேன். வடிவம் வேறாக இருப்பதால் குழம்பாது. 'பியர்-டு-பியர்' முழுவதையும் 'நிகரியிலிருந்து நிகரிக்கு' என்று நீட்ட வேண்டாம். நிகரிவழிப் பகிர்வு என்றாலே போதும்.

உடன்வரும் சொற்களில் 'சீட்' எளிது: முழுக் கோப்பும் வைத்திருந்து கொடுப்பவர் விதைப்பவர். 'லீச்சர்' என்பதை 'அட்டை' என்று எழுதியிருந்ததை மட்டும் மாற்றினேன். ரத்தம் உறிஞ்சும் அட்டை வாங்குவதோடு சரி. பிட்டொரண்டில் அந்தச் சொல் பெரும்பாலும் கோப்பை இன்னும் முடிக்காதவரைக் குறிக்கிறது. அவர் தன்னிடம் வந்த துண்டுகளை அந்தக் கணமே பிறருக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறார். 'நிரப்புபவர்' என்று போட்டிருக்கிறேன்.

அந்த நெடுவரிசையில் இப்போது 'நிகரிகள்: 14 (38)' என்று தெரியும். பதினான்கு பேரோடு நம் செயலி இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. திரளில் இருப்பதாக அது அறிந்தவர்கள் முப்பத்தெட்டு.