வேர்ல்விண்ட்: சுழல்தட்டுகளில் எழும் புயல்

சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1990-ல் வெளியிட்ட பின்பால் எந்திரம் (சாய்ந்த தளத்தில் எஃகுப் பந்தை அடித்து ஆடும் விளையாட்டுப் பெட்டி) வேர்ல்விண்ட். வடிவமைத்தவர் பாட் லாலர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவருடைய எர்த்ஷேக்கர், நிலநடுக்கம் என்றால் பெட்டியையே மோட்டார் வைத்துக் குலுக்கியது. வேர்ல்விண்டில் புயல் வீசும்போது ஆடுதளத்தில் பதித்த மூன்று வட்டத் தட்டுகள் சுழலும். எந்திரத்தின் உச்சியில் இருக்கும் மின்விசிறி ஆடுபவரின் முகத்தில் காற்றடிக்கும். பின்பக்கக் கண்ணாடியில் புயலை வரைந்துவிட்டு நிறுத்திக்கொண்ட எந்திரங்கள் நிறைய உண்டு. இதில் புயல் பந்தின் மேலேயே வேலை செய்கிறது. சேகரிப்பாளர்கள் இதைத் தேடுவதற்கு முதல் காரணம் அதுதான்.

தட்டு பந்தை என்ன செய்கிறது? பந்து 27 மி.மீ. விட்டமும் சுமார் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு. அது உருண்டு வந்து சுழலும் தட்டின் மேல் ஏறியதும் உராய்வு அதைப் பக்கவாட்டில் இழுக்கும். இழுக்கும் அதே விசை பந்தின் அடிப்பாகத்தைப் பற்றுவதால், பந்துக்கு ஒரு தற்சுழற்சியும் கிடைக்கிறது. வழுக்கல் நின்று பந்து முழுதாக உருளத் தொடங்கினாலும், தட்டுப் பரப்பின் வேகத்தில் 2/7 பங்குதான் பந்தின் நகர்வில் சேரும்.

தட்டைவிட்டு இறங்கி அசையாத மரத்தளத்துக்கு வந்ததும், அந்தத் தற்சுழற்சி பந்தை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தளம் காலியாகவும் நீளமாகவும் இருந்தால், பந்து மறுபடி சீராக உருளும்போது தட்டு கொடுத்த திருப்பம் முழுவதும் அழிந்திருக்கும். பாதை கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். உராய்வு எவ்வளவு தள்ளுகிறதோ அதற்கு ஈடாகச் சுழலவும் வைப்பதால் வரும் கணக்கு இது.

அப்படியானால் விளையாட்டில் பந்து ஏன் கண்டபடி ஓடுகிறது? பழைய வழிக்குத் திரும்ப அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதற்குள் ஒரு ரப்பரிலோ இலக்கிலோ மோதிவிடுகிறது. மாறிய கோணத்தோடும் மிச்சமிருக்கும் சுழற்சியோடும் மோதுவதால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மெதுவாக வரும் பந்து தட்டில் அதிக நேரம் இருக்கிறது, அதிகம் விலகுகிறது. ஓங்கி அடித்த பந்து ஏறக்குறைய நேராகவே போகும். தட்டுகள் சுழலும்போது தயங்காமல் அடிப்பதே நல்லது.

இதனால் தட்டுகளைப் பராமரிப்பதில் ஒரு விதி. மரத்தளத்துக்கு மெழுகு போடலாம், தட்டுக்கு வேண்டாம். மெழுகு பிடிப்பைக் குறைத்துப் புயலை வலுவிழக்கச் செய்யும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தாலே போதும். தட்டின் மேற்பரப்பு தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். விளிம்பு சற்று எழும்பி நின்றாலும் பந்து துள்ளும், சுற்றியுள்ள மரமும் பெயிண்ட்டும் பெயரும். கீறல் விழுந்த பந்து அரம்போலத் தளத்தைத் தேய்க்கும் என்பதால் மூன்று பந்துகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது பந்தை அடிக்கும் சிறு கையான ஃப்ளிப்பர். அதை இயக்கும் ஒவ்வொரு காயிலிலும் (கம்பிச்சுருளிலும்) இரண்டு சுற்றுகள். சுமார் 4 ஓம் கொண்ட தடித்த கம்பி அடிப்பதற்கு, 150 ஓம் அளவுள்ள மெல்லிய கம்பி தூக்கிய நிலையில் பிடித்து வைப்பதற்கு. 50 வோல்ட் கொடுக்கும்போது முதல் சுற்று ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கும், அதாவது 600 வாட். அதை ஓரிரு நொடி தாங்கினாலே காயில் கருகத் தொடங்கிவிடும். அதனால் ஃப்ளிப்பர் முழுதாக எழுந்ததும் ஒரு சிறு சுவிட்ச் திறந்து, வேலையை மெல்லிய கம்பிக்கு மாற்றுகிறது. மின்னோட்டம் மூன்றில் ஒரு ஆம்பியராக இறங்கும். இந்த சுவிட்சின் முனைகள் கருகினால் அடி பலவீனமாகும். திறக்காமலே இருந்தால் புகை வரும் அல்லது ஃப்யூஸ் போகும். காயிலை மாற்றும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கப் போகிறவர் பின்பெட்டியைத் திறந்து முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. முதன்மை சர்க்யூட் போர்டிலேயே மூன்று ஏஏ செல்கள் உட்கார்ந்திருக்கும். கசியும் காரம் செப்புத் தடங்களை அரித்துவிடும். பச்சை பூத்திருந்தால் வினிகரால் நடுநிலையாக்கி, ஆல்கஹாலால் கழுவி, அரிப்பு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அரிக்காத போர்டாக இருந்தாலும் செல்களை வயர் இழுத்து வெளியே கொண்டுபோவது கட்டாயம். எண்ணெழுத்துத் திரைகள் 100 வோல்ட் அளவில் ஓடுபவை. எந்திரத்தை அணைத்தபின்னும் கை வைக்குமுன் மின்தேக்கிகளில் உள்ள மின்சாரம் வடியும்வரை காத்திருங்கள்.

பெட்டியின் பக்கவாட்டு வண்ணம் மங்கியிருந்தால் கவலைப்படத் தேவையில்லை, உச்சி மின்விசிறி இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அமெரிக்காவில் 115 வோல்ட்டில் ஓடிய எந்திரத்தை 230 வோல்ட்டில் ஓட்டுவதற்கு, டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்புகளை மாற்றிப் பொருத்துவது மட்டும் போதாது. மெயின் ஃப்யூஸின் மதிப்பை மாற்ற வேண்டும், பவர் பெட்டியில் உள்ள 130 வோல்ட் வாரிஸ்டரையும் (மிகை வோல்ட்டிலிருந்து காக்கும் பாகம்) எடுத்துவிட்டு 275 வோல்ட் வாரிஸ்டர் போட வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்சைப் போட்டதுமே அது வெடிக்கும். மின்விசிறியின் லேபிளில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு இணையுங்கள்.