மூளைக்கு எல்லாச் செய்தியும் தாமதமாகத்தான் வருகிறது

ஒரு சின்ன சோதனை. இதைப் போனில் படிக்கிறீர்கள் என்றால், போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டுவதுபோல தலையை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகளைப் படிக்க முடியும். சரி, இப்போது தலையை அப்படியே வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் போனை ஆட்டுங்கள். எழுத்துகள் இழுபட்டுக் கலங்கிவிடும்.

இரண்டு தடவையும் கண் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: எழுத்தை விட்டு நழுவாமல் திரும்புவது. ஆனால் செய்தி வரும் பாதை வேறு. தலை ஆடினால் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் அந்தச் சுழற்சியை உணர்ந்து, சுமார் 10 மில்லிநொடிக்குள் கண்ணை எதிர்த்திசையில் திருப்ப வைத்துவிடுகின்றன. போன் ஆடினால் அந்தக் குறுக்குவழி கிடையாது. விழித்திரையில் படம் நழுவ வேண்டும், மூளை அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் கண்ணுக்குக் கட்டளை. இதற்கு 100 மில்லிநொடி ஆகிறது. அதற்குள் போன் வேறு பக்கம் போயிருக்கும்.

ஒன்றைச் செய்வது, விளைவைப் பார்ப்பது, எவ்வளவு தவறியது என்று அளப்பது, திருத்துவது, மறுபடி பார்ப்பது. இந்தச் சுற்றைத்தான் பின்னூட்டச் சுழற்சி என்கிறோம். நடப்பது, எழுதுவது, பேசுவது எல்லாவற்றிலும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. மூளையைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அந்தத் தாமதம்.

தாமதமான பின்னூட்டம் என்ன செய்யும் என்பது குளியலறைக் குழாயில் தெரியும். தண்ணீர் சுடுகிறதென்று திருகைத் திருப்புகிறோம். உடனே மாறவில்லை, இன்னும் திருப்புகிறோம். திடீரென்று சில்லென்று கொட்டுகிறது. பதறிப்போய் மறுபக்கம் திருப்பினால் மறுபடி சூடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களைச் சுடும் பீரங்கிகளுக்குக் குறிபார்க்கும் கணக்கில் இறங்கியிருந்த கணிதவியலாளர் நார்பர்ட் வீனருக்கும் இதே தொல்லைதான்: திருத்தம் அளவு மீறினால் கருவி இங்கும் அங்குமாக ஊசலாடும். மனிதக் கைக்கும் இப்படி ஒரு நோய் உண்டா, பென்சிலை எடுக்கப் போகும் கை குறி தாண்டிப் போய் ஆடுவதுபோல, என்று அவரும் அவருடைய சகாவும் உடலியங்கியல் அறிஞர் ரோசன்புளூத்திடம் கேட்டார்கள். உடனே பதில் வந்தது: உண்டு. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் அது தெரியும். சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும் கை, பொருளை நெருங்க நெருங்க ஆட்டம் காணும்.

அப்படியானால் நம் கை ஏன் ஆடுவதில்லை? சிறுமூளை செய்திக்காகக் காத்திருப்பதில்லை என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். தசைக்குப் போகும் கட்டளையின் ஒரு நகல் அதற்கும் வருகிறது. அதை வைத்து, கை எங்கே போய்ச் சேரும், என்ன உணரும் என்று முன்கூட்டியே கணித்துவிடுகிறது. பிறகு வரும் உண்மைச் செய்தி, கணிப்பைச் சரிபார்க்க உதவுகிறது.

இந்தக் கணிப்பைக் கையும் களவுமாகப் பிடிக்க, உள்ளே தெரியாத ஒரு தண்ணீர் பாட்டில் போதும். நிறைந்திருக்கிறது என்று நினைத்து எடுக்கிறீர்கள், காலியாக இருக்கிறது. கை விருட்டென்று மேலே போகும். எடைக்கேற்ற விசையை, தூக்கும் முன்பே மூளை தீர்மானித்துவிட்டது! அதே பாட்டிலை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். கை இந்த முறை ஏமாறாது.

கணிப்பு பிசகும்போது காப்பாற்றத் திருத்தங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தசை எதிர்பாராமல் இழுபட்டால் தண்டுவடமே சுமார் 30 மில்லிநொடியில் பதில் கொடுத்துவிடும். விரலிடுக்கில் டம்ளர் நழுவத் தொடங்கினால், நமக்குத் தெரியவரும் முன்பே, சுமார் 70 மில்லிநொடியில் பிடி இறுகும். கண்ணால் பார்த்துத் திருத்துவது இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது.

பேச்சிலும் இதே கதை. போனில் சொந்தக் குரலே சற்றுப் பிந்தி எதிரொலித்தால் நாக்கு தடுமாறுமே, நினைவிருக்கிறதா? சுமார் 200 மில்லிநொடி பிந்தினால் சரளமாகப் பேசுகிறவரும் திக்குவார். எதிர்பார்த்த நேரத்தில் வராத குரல் மூளைக்குப் பிழையாகப் படுகிறது. இல்லாத பிழையைத் திருத்தப் போய் இருக்கிற பேச்சும் கெடுகிறது.

நம்மை நாமே கூசவைக்க முடியாததற்கும் காரணம் கணிப்புதான்: என்ன வரும் என்று தெரிந்த தொடுதலை மூளை மட்டுப்படுத்திவிடுகிறது. 1990-களின் கடைசியில் லண்டனில் ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஒருவர் இடது கையால் ஒரு கருவியை அசைப்பார். அதன் அசைவை ஒரு ரோபோ வாங்கி, அவருடைய வலது உள்ளங்கையைப் பஞ்சால் வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவு. 200 மில்லிநொடி வரை தாமதத்தைக் கூட்டக் கூட்ட, கூச்சமும் கூடியது. அசைத்தது என்னவோ அவருடைய கைதான்.