சேவ் ஆன தேதியைத்தான் சந்தேகப்பட வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சாட்ஸ்வொர்த் பகுதியிலும் கோயில், தமிழ்ப் பள்ளி, ஈமச்சடங்குச் சங்கம் என்று பல அமைப்புகள் பழைய பதிவேடுகளை எக்செலில் தட்டி, பிறகு டேட்டாபேஸில் ஏற்றுகின்றன. அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "சில தேதி மட்டும் சேவ் ஆகமாட்டேங்குது."

நான் முதலில் பார்ப்பது சேவ் ஆன தேதிகளை.

மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்க அமைப்பில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இருக்கிறது என்று வையுங்கள். 25/04/2023 வந்தால், 25-ஆவது மாதம் கிடையாது என்று நிறுத்திவிடும். 09/03/2023 வந்தாலோ, மார்ச் 9-ஐ செப்டம்பர் 3 என்று பேசாமல் எழுதிக்கொள்ளும். நாள் எண் 12-க்குள் இருப்பதால் இப்படிச் சத்தமில்லாமல் இடம் மாறக்கூடிய நாட்கள் வருடத்துக்கு 132. ஈமச்சடங்குச் சங்கத்தில் சேர்ந்த தேதி ஆறு மாதம் தள்ளிப் பதிவானால், காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று அடக்கச் செலவுப் பணமே நின்றுபோகலாம். துக்க வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் யாரிடம் போய் முறையிடுவார்கள்? அதனால் பிழை வந்த வரிகளை மட்டும் கையால் திருத்திவிட்டு எழுந்துவிடாதீர்கள். அந்த முறை ஏற்றிய எல்லாவற்றையும் நீக்கி, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.

சரி, மூலக் கோப்பிலேயே சந்தேகம் என்றால்? பிறந்த தேதிக்கு நம் அடையாள எண்ணே சாட்சி. அதன் 13 இலக்கங்களில் முதல் ஆறும் வருடம், மாதம், நாள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு க்வெரி (தேடல் கட்டளை) போட்டால் மாறிப்போனவை தெரிந்துவிடும். நூற்றாண்டு மட்டும் அந்த எண்ணில் இருக்காது. சேர்ந்த தேதிக்குப் பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்க ஆங்கில அமைப்பில் விண்டோஸ் வருடத்தை முதலில் வைக்கிறது. படிவத்தில் பலரும் நாளை முதலில் எழுதுகிறார்கள். சர்வர் மூன்றாவது ஒரு வழக்கத்தில் இருக்கிறது.

அதனால் நிரலிலேயே தேதி வகையாக மாற்றி, பாராமீட்டராக (கட்டளை வரியில் ஒட்டாமல் தனி மதிப்பாக) அனுப்புங்கள். எழுத்தாகத்தான் அனுப்ப முடியும் என்றால் 20230309 என்று கோடில்லாமல் அனுப்புங்கள்; எஸ்க்யூஎல் சர்வர் எந்த மொழி அமைப்பிலும் அதைச் சரியாகப் படிக்கும். 2023-03-09 பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். பழைய டேட்டைம் (datetime) வகை நெடுவரிசையில், பிரிட்டிஷ் மொழி அமைப்பில் அதுவும் புரண்டுவிடும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள் பிழை காட்டினால், தவறான தேதியை மறுக்கும் அதன் கண்டிப்பு முறையை (strict mode) அணைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம், எல்லாத் தேதியும் சரியாக ஒரு நாள் பின்னால் போயிருந்தால் அது வேறு நோய். டர்பனில் நள்ளிரவு 12 என்பது யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) முந்தைய நாள் இரவு 10. ஜாவாஸ்கிரிப்டில் உள்ளூர் நேரத்தை யூடிசிக்கு மாற்றி, தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் இப்படித்தான் ஆகும். பிறந்த தேதிக்கு நேரமே தேவையில்லை. வெறும் தேதி வகையிலேயே வைத்துவிடுங்கள்.