பழைய மசில் காரின் பின்பக்கத்தை எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இறக்கலாம்? வட கரோலினா சட்டம் சொல்வது

1960களின் கடைசியில் வந்த கமாரோ, செவெல், மஸ்டாங், சார்ஜர் போன்ற மசில் கார்களை (பெரிய இன்ஜின் பூட்டிய வேகமான அமெரிக்கக் கார்கள்) வாங்கிச் சீர்செய்பவர்கள் இன்ஜினுக்கு அடுத்தபடியாகக் கை வைப்பது பின்பக்க உயரத்தில்தான். 1970களில் பின்பக்கத்தைத் தூக்கி, மூக்கைத் தாழ்த்தி ஓட்டுவது நாகரிகமாக இருந்தது. இன்று பலரும் நான்கு பக்கமும் தாழ்ந்து நிற்கும் காரையே விரும்புகிறார்கள். இரண்டுமே அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சட்டம் எல்லை வகுத்திருக்கும் விஷயங்கள். 2021-இல் வந்த திருத்தம் லாரிபோல் உயர்ந்த பிக்கப் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் பழைய கார் வைத்திருப்பவரும் கவனிக்காமல் விட்டால் அதில் மாட்டிக்கொள்ளலாம்.

முதலில் பழைய விதி. மாநிலப் பொதுச் சட்டத் தொகுப்பின் 20-135.4 பிரிவு, (d) உட்பிரிவு. பயணிகள் வாகனம் எதையும், தயாரிப்பாளர் குறித்த உயரத்திலிருந்து முன்பக்கமோ பின்பக்கமோ 6 இன்ச்சுக்கு மேல் ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. அதற்கு மேல் மாற்ற வேண்டுமானால் மாநில மோட்டார் வாகன ஆணையரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அந்த அனுமதி முன்கூட்டியே வாங்கியதாக இருக்க வேண்டும்; வேலையை முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. அப்படி மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டத் தடை 1975 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீண்ட ஷாக்கிள் (பின்பக்க ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் பட்டை), ஏர் ஷாக் (காற்றடைத்து உயர்த்தும் ஷாக் அப்சார்பர்) என்று பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது, 2021-இன் ஹவுஸ் பில் 692 (மாநிலக் கீழவையில் வந்த மசோதா). அப்போதைய ஆளுநர் ராய் கூப்பர் கையெழுத்திட்டு, டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. மாற்றம் செய்த வண்டியின் முன் மட்கார்டு, பின் மட்கார்டைவிட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயர்ந்து நிற்கக் கூடாது என்பது இதன் சாரம். முன்பக்கத்தை எம்பவிட்டுப் பின்பக்கத்தைக் குந்தவைக்கும் 'கரோலினா ஸ்குவாட்' என்ற பாணிக்குக் கடிவாளம் போடுவதே நோக்கம். அந்த வண்டிகளில் பானெட் மேலெழுந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். முன்னால் நடந்து போகும் ஆளே தெரியாமல் போகலாம். ஹெட்லைட் வெளிச்சமும் எதிரே வருபவர் கண்ணில் போய் விழும். 12 மாதத்துக்குள் மூன்று முறை இந்தக் குற்றம் நிரூபணமானால் ஓட்டுநர் உரிமம் குறைந்தது ஓராண்டுக்கு ரத்தாகும்.

இப்போது மசில் காருக்கு வருவோம். பின்பக்கத்தைத் தூக்குகிறவருக்குப் புதிய விதியால் தொல்லை இல்லை. முன்பக்கம் உயர்ந்தால்தான் அது குற்றம். பின்பக்கம் உயர்வதைப் பற்றி அது பேசவே இல்லை. அவருக்கு எல்லை பழைய 6 இன்ச் மட்டுமே, அதுவே தாராளம். என்னைக் கேட்டால், 6 இன்ச் தூக்கிய கமாரோவை ஓட்டிப் பார்ப்பவர் சட்டம் சொல்வதற்கு முன்பே அதை இறக்கிவிடுவார்.

சிக்கல் பின்பக்கத்தை இறக்குகிறவருக்குத்தான். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு காரில் தொழிற்சாலை அளவுப்படி முன் மட்கார்டும் பின் மட்கார்டும் தரையிலிருந்து 26 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் முன்பக்கம் 2 இன்ச் ஏற்றுகிறார், பின்பக்கம் 2 இன்ச் இறக்குகிறார். 6 இன்ச் விதிப்படி இரண்டு மாற்றமும் சாதாரணம். ஆனால் முன்பக்கம் 28, பின்பக்கம் 24. வித்தியாசம் சரியாக 4 இன்ச். '4 அல்லது அதற்கு மேல்' என்பதால் அந்தக் கார் அங்கேயே தடை வளையத்துக்குள் வந்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் குற்றமில்லாத இரண்டு வேலைகள் சேர்ந்து குற்றமாகிவிடும்.

கிரைஸ்லர் நிறுவனத்தின் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தக் காலச் சார்ஜர், சேலஞ்சர், 'குடா (பாரகுடா) கார்களில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு. ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் ஏறும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிய வளைந்த இரும்புப் பிளேட்டுகள். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பிளேட்டுகள் தளர்ந்து, பின்பக்கம் தானாகவே தொய்ந்திருக்கும். சட்டம் 'மாற்றம்' என்றுதான் சொல்கிறது, தேய்மானத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் முன்பக்கப் போல்ட்டைத் திருகியவர் தேய்மானம் என்று வாதாடிக்கொண்டு நிற்பதைவிடப் பின்பக்க ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றிவிடுவது மலிவு.

எப்படி அளக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது. தரையிலிருந்து செங்குத்தாக, சக்கரத்தின் மையக்கோடு வழியாக, மட்கார்டின் கீழ் விளிம்பு வரை. பம்பரையோ சேசிஸையோ வைத்து அளப்பதில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1960களின் பெரிய கார்கள் பலவற்றில் பின் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு முன்பக்கத்தைவிடத் தாழ்வாகவே வெட்டப்பட்டிருக்கும். பார்வைக்குக் கார் சமமாக நிற்கும். டேப்பை வைத்தால் முன்பக்கம் ஏற்கெனவே ஓரிரு இன்ச் கூடுதலாக இருக்கும். அதனால் எந்த வேலையும் தொடங்குமுன் நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதிவையுங்கள். சமதரை வேண்டும், டயரில் சரியான காற்று வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும். காரை நான்கு முறை அமுக்கிவிட்டு, ஸ்பிரிங் அடங்கிய பிறகு அளக்க வேண்டும். தொழிற்சாலை சர்வீஸ் மேனுவலில் உள்ள உயர அளவின் நகலும் கையில் இருந்தால், '6 இன்ச் எங்கிருந்து?' என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

டயரை மறந்துவிடாதீர்கள். அளவு தரையிலிருந்து எடுக்கப்படுவதால் டயரின் விட்டமும் கணக்கில் வரும். பின்பக்கம் 2 இன்ச் விட்டம் கூடிய டயர் போட்டால் கார் 1 இன்ச் ஏறும். அதேபோல் லீஃப் ஸ்பிரிங்கில் ஷாக்கிளை 2 இன்ச் நீட்டினால் கார் ஏறுவது ஏறக்குறைய 1 இன்ச்தான். அச்சு பிளேட்டின் நடுவில் இருக்கிறது, ஷாக்கிளோ ஒரு முனையில். ஆனால் அச்சுக்கும் பிளேட்டுக்கும் நடுவே வைக்கும் லோயரிங் பிளாக் 2 இன்ச் என்றால் கார் முழுசாக 2 இன்ச் இறங்கும். கணக்குப் போடாமல் சாமான் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் எல்லை தாண்டுகிறார்கள்.

ஏர் ஷாக் பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி அது தனியாகத் தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் பழைய கார்களில் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம் அதிர்வைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, வண்டி எடையைத் தூக்கி நிறுத்த அல்ல. நிரந்தரமாக உயர்த்த வேண்டுமென்றால் சரியான வளைவுள்ள புது ஸ்பிரிங் போடுவதே நேர்வழி. செவெல், ஜி.டி.ஓ. போன்றவற்றில் பின்பக்கம் காயில் ஸ்பிரிங் (சுருள் ஸ்பிரிங்) என்பதால் ஷாக்கிள், பிளாக் பேச்சுக்கே இடமில்லை. ஸ்பிரிங்கை மாற்றலாம், அல்லது ஸ்பேசர் (உயரம் கூட்டும் இடைத்துண்டு) வைக்கலாம்.

ஹெட்லைட் விஷயம் பலர் நினைப்பதைவிடப் பெரிது. 1967 முதல் 1969 வரையிலான கமாரோவின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) 108 இன்ச். பின்பக்கத்தோடு ஒப்பிட முன்பக்கம் 4 இன்ச் ஏறினால், 25 அடி தூரத்தில் வெளிச்சம் ஏறக்குறைய 11 இன்ச் மேலே போகும். எந்த உயர வேலை செய்தாலும், அது சட்ட எல்லைக்குள் இருந்தாலும், அன்றைக்கே ஹெட்லைட்டைத் திருத்திவிட வேண்டும்.

யார் பிடிப்பார்கள்? ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு இந்த மாநிலத்தில் ஆண்டுப் பாதுகாப்புப் பரிசோதனை கிடையாது. ஆகவே, பரிசோதனைக் கடைக்காரர் எச்சரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நேராகச் சாலையில் போலீஸ்தான். 'நான் சாலையில் ஓட்டவில்லை, கடை வாசலில் நடந்த கார் கண்காட்சிக்குத்தான் போனேன்' என்பதும் எடுபடாது. 6 இன்ச் விதி நெடுஞ்சாலையோடு 'பொது வாகனப் பகுதி'யையும் சேர்த்தே சொல்கிறது. இந்த மாநிலச் சட்டத்தில் கடை, பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் பார்க்கிங்கும் அதில் அடக்கம். டிரெய்லரில் ஏற்றிக் காங்கர்டில் உள்ள சார்லட் மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைப்பது வேறு கதை.

சார்லட்டிலிருந்து அரை மணி நேரம் தெற்கே ஓட்டினால் தென் கரோலினா. அங்கும் 2023 நவம்பர் முதல் இதே 4 இன்ச் தடை உண்டு, அளக்கும் முறையும் மட்கார்டுதான். முதல் ஆறு மாதம் எச்சரிக்கையோடு விட்டார்கள். இப்போது முதல் தடவை 100 டாலர் வரை அபராதம், இரண்டாவது 200, மூன்றாவது 300. மூன்றாவதோடு உரிமமும் ஓராண்டு முடங்கும். வடக்கே வர்ஜீனியாவில் 2022 ஜூலை 1 முதல் 4 இன்ச் தடை இருக்கிறது. மூன்று மாநிலத்திலும் ஓட்டப்போகிறவர், மாற்றம் செய்த பின் முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 3 இன்ச்சுக்கு மேல் உயர்ந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் டேப் பிடிப்பவரின் கை நடுக்கத்துக்கும் இடம் இருக்கும்.