குக்கர் வெடித்தால் தாய் நிறுவனம் பதில் சொல்லுமா?

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பிரஷர் குக்கர் ஒன்று, வாங்கிய எட்டாம் மாதத்தில் செல்லூரில் ஒரு வீட்டு அடுப்பின் மேல் வெடித்து, பக்கத்தில் நின்றவரின் கையும் கழுத்தும் வெந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் முகப்பில் ஊரறிந்த பிராண்டின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பெட்டியைப் புரட்டிப் பார்த்தால், கண்ணாடி போட்டால் மட்டுமே படிக்க முடிகிற பொடி எழுத்தில், தயாரித்தது ஒரு பிரைவேட் லிமிடெட் என்றும் சந்தைப்படுத்துவது இன்னொரு லிமிடெட் என்றும் அச்சிட்டிருப்பார்கள். பிராண்டுக்கு உரிய பெரிய நிறுவனத்தைக் கேட்டால், "அது எங்கள் துணை நிறுவனம், தனிக் கம்பெனி, அவர்களிடம் பேசுங்கள்" என்ற பதில் வரக்கூடும். அந்தப் பதிலில் பாதி சரி.

சரியான பாதி கம்பெனிச் சட்டத்திலிருந்து வருகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு கம்பெனியின் இயக்குநர் குழுவை யார் அமைப்பது என்பதைத் தன் கையில் வைத்திருக்கிற, அல்லது மொத்த வாக்குரிமையில் பாதிக்கு மேல் வைத்திருக்கிற கம்பெனியே தாய் நிறுவனம். ஆனால் இரண்டும் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு தனித்தனி நபர்கள். மகன் வாங்கிய கடனுக்குத் தந்தை பொறுப்பாக மாட்டார் என்பதுபோல, பங்குகளை வைத்திருக்கும் ஒரே காரணத்துக்காகத் தாய் நிறுவனத்தின் மீது துணை நிறுவனத்தின் கடனோ குற்றமோ ஏறாது. மோசடிக்காகவோ பொறுப்பிலிருந்து நழுவுவதற்காகவோ துணை நிறுவனம் வெறும் முகமூடியாக நிறுத்தப்பட்டிருந்தால் மட்டுமே நீதிமன்றம் தனிக் கம்பெனி என்ற திரையை விலக்கிப் பார்க்கும். அந்த அளவுக்கு நிரூபிப்பது எளிதன்று. 1984-ஆம் ஆண்டு போபாலில் நச்சுவாயு கசிந்த ஆலையின் இந்தியக் கம்பெனியில் அமெரிக்க யூனியன் கார்பைடு 50.9 சதவீதப் பங்கு வைத்திருந்தது. அது பொருளின் குறை தொடர்பான வழக்கு அன்று என்றாலும், தாய் நிறுவனம் பொறுப்பா என்ற இதே கேள்வி அங்கும் எழுந்தது. 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆகிவிட்டதால், அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் முடிவான விடை எழுத வேண்டிய நிலை வரவே இல்லை.

ஆனால் குக்கரால் காயம்பட்டவர் இந்தத் திரையோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தயாரிப்புப் பொறுப்புக்கென்றே 82 முதல் 87 வரையிலான பிரிவுகளை வைத்திருக்கிறது. தாய் நிறுவனம் என்ற சொல்லைக்கூட அந்தப் பிரிவுகள் எடுப்பதில்லை. யார் எத்தனை சதவீதப் பங்கு வைத்திருக்கிறார் என்று கேட்காமல், அந்தப் பொருளில் யார் என்ன செய்தார் என்று மட்டும் கேட்கின்றன. பொருளைச் செய்தவர், பிறர் செய்த பாகங்களைக் கோத்தவர், விற்பனைக்கு முன் வடிவமைத்தவர் ஆகியோருடன், பிறர் செய்த பொருளின் மீது தன் முத்திரையை இட்டவரையும் இடச் செய்தவரையும் சட்டம் தயாரிப்பாளர் என்றே அழைக்கிறது. ஆகவே துணை நிறுவனத்தின் ஆலையில் செய்த குக்கரில் தாய் நிறுவனம் தன் முத்திரையைப் பதிக்கச் செய்திருந்தாலோ, மூடியையும் வால்வையும் தன் பொறியாளர்களைக் கொண்டு வடிவமைத்திருந்தாலோ, அதை உறவினராக அல்லாமல் தயாரிப்பாளராகவே வழக்கில் நிறுத்தலாம். பிராண்டுப் பெயரை உரிமக் கட்டணத்துக்கு விட்டிருக்கிறோம், அவ்வளவுதான் என்று அவர்கள் வாதாடக்கூடும். அதை நுகர்வோர் ஆணையம் தீர்மானிக்கும்.

தாய் நிறுவனம் வாங்கி விற்பதோடு நின்றிருந்தாலும் 86-ஆவது பிரிவு இருக்கிறது. வடிவமைப்பு, சோதனை, தயாரிப்பு, பொதிவு, லேபிள் ஆகியவற்றில் கணிசமான கட்டுப்பாடு செலுத்திய விற்பனையாளரும், தயாரிப்பாளர் தந்த உத்தரவாதத்துக்கு மேல் தானே தனியாக உத்தரவாதம் தந்தவரும் பொறுப்பாவார்கள். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலோ, வெளிநாட்டில் இருப்பதால் அவருக்கு நோட்டீஸைச் சேர்ப்பிக்கவோ ஆணையை நிறைவேற்றவோ முடியாவிட்டாலோ, பொறுப்பு இங்கே விற்றவர் மீது விழும். விலை குறைவு என்று பெயர் தெரியாத இறக்குமதிச் சாமான்களை அடுக்கி விற்கும் கடைக்காரர்கள் இந்த வரியைப் படித்திருக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்டத் தேவையில்லை. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, நிர்ணயித்த தரத்திலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக இருத்தல், சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ இல்லாமை ஆகிய ஐந்தில் ஒன்றை நிறுவினால் போதும். வீட்டுப் பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால், அது இல்லாத குக்கரை விற்றதே ஒரு வலுவான சான்று. அதே சமயம், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்பனையாளர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. தெருமுனையில் வாங்கிய டூப்ளிகேட் கேஸ்கட்டையோ வால்வையோ மாட்டியிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கப்போவது அதைத்தான்.

தயாரிப்புப் பொறுப்பில் கேட்கக்கூடிய இழப்பீடு உடல் காயம், நோய், மரணம், அவற்றோடு வரும் மன வேதனை, பிற சொத்துக்கு நேர்ந்த சேதம் போன்றவற்றுக்கு மட்டுமே. குக்கரின் விலையையோ மாற்றுக் குக்கரையோ அதே சட்டத்தின் பொதுப் பிரிவுகளில் குறைபாடுள்ள பொருள் என்று கேட்க வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக இட்லிக் கடை நடத்துபவரும் நுகர்வோரே. ஆனால் கடை மூடிக் கிடந்த நாள்களின் வியாபார நட்டத்தைத் தயாரிப்புப் பொறுப்பில் கேட்க இயலாது.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ குடியிருப்பவர், தாய் நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இங்கே பார்க்கப்படுவது கேட்கும் இழப்பீடு அன்று, கொடுத்த விலை. மூவாயிரம் ரூபாய்க் குக்கருக்காகப் பத்து லட்சம் இழப்பீடு கேட்பவரும் கட்டணமின்றியே மனுச் செய்கிறார். வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். தயாரித்த கம்பெனி, பிராண்டுக்குரிய தாய் நிறுவனம், சந்தைப்படுத்திய கம்பெனி, விற்ற கடை ஆகிய எல்லாரையும் முதல் மனுவிலேயே எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பது நல்லது. ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டும்போது அவரும் அதே அறையில் நின்றுகொண்டிருப்பார்.

வெடித்த குக்கரைக் கழுவவோ பழைய இரும்புக்குப் போடவோ கூடாது. ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பெட்டியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும், ஏனெனில் யார் யார் எதிர்த்தரப்பு என்பது அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் விபத்துப் பதிவேட்டின் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேட்டு வாங்க வேண்டும். பில் தொலைந்திருந்தால், கடை முத்திரையும் தேதியும் உள்ள வாரண்டி அட்டையோ பணம் செலுத்திய வங்கிப் பதிவோ உதவும்.