முதல் காசோலை உள்ளூரில் இருக்கிறது: ஆப்பிரிக்க ஸ்டார்ட்அப்களும் ஏஞ்சல் முதலீடும்

லாகோஸிலோ நைரோபியிலோ புதிதாகத் தொழில் தொடங்கும் நிறுவனர்கள் பலர் முதலீடு கேட்கும் ஒரே ஸ்லைடு தொகுப்பை (பிட்ச் டெக்) அமெரிக்காவிலுள்ள இருநூறு முதலீட்டாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். பதில் வருவதில்லை. தொழில் மோசம் என்று அதற்குப் பொருள் கிடையாது. கலிபோர்னியாவில் இருப்பவருக்கு இந்த நிறுவனரை அறிந்த ஒருவரையும் தெரியாது. நைஜீரியப் பணமான நைரா நாளை என்ன விலைக்கு நிற்கும், போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதும் தெரியாது. இதெல்லாம் தெரிந்தவர் உள்ளூரில் இருக்கிறார். அவரே பணம் போடாத தொழிலில் வெளிநாட்டுக்காரர் தயங்குவது நியாயம்தான்.

ஏஞ்சல் என்பவர் தொடக்க நிலைத் தொழிலில் தன் சொந்தப் பணத்தைப் போடும் முதலீட்டாளர். உள்ளூர் ஏஞ்சல் என்றதும் கோட் போட்ட வங்கி அதிகாரியை மட்டும் நினைக்க வேண்டாம். லாகோஸின் மைல் 12 சந்தைக்கு வடக்கிலிருந்து தக்காளி லாரி லாரியாக, ஓலைக் கூடைகளில் வருகிறது. வெயிலில், மோசமான சாலையில், அடிக்கூடைப் பழம் நசுங்கிச் சாறாகிவிடும். குளிர்சாதனக் கிடங்கு நடத்தும் ஸ்டார்ட்அப்புக்கு முதல் ஏஞ்சலாக வரக்கூடியவர், அந்தச் சாறைப் பல வருடம் கீழே கொட்டிய மொத்த வியாபாரி. நட்டக் கணக்கு அவருக்கு மனப்பாடம். அவரை நம்பவைக்க இருபது ஸ்லைடு வேண்டாம். ஒரு கூடைக்கு எவ்வளவு மிச்சமாகும் என்ற ஒரு வரி போதும். உங்கள் தொழில் தீர்க்கும் சிக்கலால் யார் பணத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். நம் அனுபவத்தில், தேடல் பட்டியலின் முதல் இருபது பெயர்கள் அங்கிருந்து வர வேண்டும்.

அடுத்து, முன்பே தொழில் தொடங்கி வென்றவர்களும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களும். இணையத்தில் பணம் செலுத்தும் சேவை நடத்தும் நைஜீரியாவின் பேஸ்டாக் நிறுவனத்தை, அதே துறையின் பெரிய நிறுவனமான ஸ்டிரைப் 2020 அக்டோபரில் வாங்கியது. விலை 20 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் கூறின. இப்படி ஒரு விற்பனை நடந்தால் கையில் பணமும் தொழில் அனுபவமும் உள்ளவர்கள் ஒரு கூட்டமாக உருவாகிறார்கள். லண்டன், ஹூஸ்டன், டொரன்டோவில் வேலை பார்க்கும் ஆப்பிரிக்கர்களை மூன்றாவதாக வையுங்கள். அவர்கள் டாலரில் சம்பாதிக்கிறார்கள், ஊரையும் அறிவார்கள்; ஆனால் பெரும்பாலும் தனியாக முடிவெடுக்க மாட்டார்கள், உள்ளூரில் யார் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஏஞ்சல் நெட்வொர்க்குகள் இதற்குப் பிறகுதான். 2012இல் தொடங்கிய லாகோஸ் ஏஞ்சல் நெட்வொர்க், பெண் முதலீட்டாளர்களை ஒன்றுசேர்க்கும் ரைசிங் டைட் ஆப்பிரிக்கா, நைரோபியில் விக்டோரியா பிசினஸ் ஏஞ்சல்ஸ், கெய்ரோ ஏஞ்சல்ஸ், செனகலில் டக்கார் நெட்வொர்க் ஏஞ்சல்ஸ் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. கண்டம் முழுவதுக்குமான கூட்டமைப்பு ஆப்பிரிக்கன் பிசினஸ் ஏஞ்சல் நெட்வொர்க். இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் வேலை நடக்காது. நெட்வொர்க்கில் ஒருவர் 'லீட்' எடுக்க வேண்டும்: கேள்வி கேட்டு, ஆவணம் சரிபார்த்து, தன் பணத்தை முதலில் வைப்பவர் அவர்தான். மற்றவர்கள் அவர் பின்னால் வருவார்கள். ஆகவே, உங்கள் துறை அறிந்த உறுப்பினர் யார் என்று பார்த்து அவரைத் தனியாகச் சந்தியுங்கள், பிட்ச் நாளுக்கு முன்பே.

தனி ஏஞ்சல் ஒருவர் 5,000 முதல் 25,000 டாலர் வரை போடுவது வழக்கம். சந்திப்பிலிருந்து பணம் கைக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் இரண்டு மாதச் சம்பளம் மட்டும் மிச்சமிருக்கும்போது தேடத் தொடங்குபவர் கிடைத்த நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட வேண்டியதாகிவிடும்.

நிபந்தனை என்றதும் கணக்குக்கு வருவோம். இப்போது பலரும் சேஃப் ஒப்பந்தம் பயன்படுத்துகிறார்கள்: இன்று பணம் வாங்கி, அடுத்த முதலீட்டுச் சுற்றில் அதைப் பங்காக மாற்றித் தருவது. அமெரிக்க ஸ்டார்ட்அப் முதலீட்டு நிறுவனமான ஒய் காம்பினேட்டர் இதை 2013இல் கொண்டுவந்து, 2018இல் போஸ்ட்-மணி வடிவத்துக்கு (சேஃப் பணத்தையும் சேர்த்தே நிறுவன மதிப்பைக் கணக்கிடுவது) மாற்றியது. எளிமையானது என்பதாலேயே கை தவறிப் பலமுறை கையெழுத்திடுகிறார்கள். 10 லட்சம் டாலர் உச்ச மதிப்பில் (பங்காக மாற்றும்போது நிறுவனத்துக்கு வைக்கும் அதிகபட்ச மதிப்பு) 1 லட்சம் வாங்கினால் 10 சதவீதம் போய்விட்டது. நெருக்கடியில் 8 லட்சம் உச்ச மதிப்பில் 80,000 வாங்கினால் இன்னொரு 10. அடுத்த சுற்றில் புது முதலீட்டாளருக்கு 20 சதவீதமும் ஊழியர் பங்குக்கு 10 சதவீதமும் ஒதுக்கினால் மிச்சம் 70. 20 சதவீதம் முன்பே சேஃப்களுக்குப் போய்விட்டதால் அதில் ஐந்தில் நான்கு, அதாவது 56 சதவீதம்தான் நிறுவனர்களுக்கு. மூன்று நிறுவனர்களில் ஒருவர் எட்டாவது மாதமே நிறுவனர் பங்கில் 30 சதவீதத்தோடு விலகிப்போயிருந்தால், வேலையே செய்யாத அவரிடம் 16.8 சதவீதம் கிடக்கும். அனுபவமுள்ள எந்த ஏஞ்சலும் இந்த ஒரு வரியைப் பார்த்ததும் எழுந்துவிடுவார். நான்கு வருடத்தில் படிப்படியாகப் பங்கு சேரும், முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை என்ற ஒப்பந்தத்தை நண்பர்களாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

நைஜீரியா, கென்யா இரண்டிலும் தனியார் நிறுவனத்தில் 50 உறுப்பினருக்கு மேல் இருக்க முடியாது. 2,000 டாலர் வீதம் நாற்பது பேரிடம் வாங்குவதாக இருந்தால் அவர்களை ஒரே எஸ்.பி.வி.க்குள் (இந்த முதலீட்டை வைத்திருக்க மட்டும் தொடங்கும் நிறுவனம்) திரட்டி, பங்குதாரர் பட்டியலில் ஒரே பெயராக வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நாற்பது கையெழுத்து துரத்த வேண்டிவரும்.

பணம் வரும் வழி

நைஜீரியாவில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடம்தான். வெளிநாட்டு முதலீடு நாட்டுக்குள் வந்ததற்கு, பணத்தைப் பெற்ற வங்கி மூலதன இறக்குமதிச் சான்றிதழ் தர வேண்டும். பணம் வந்த 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. இந்தச் சான்றிதழைச் சி.சி.ஐ. என்பார்கள். இது இருந்தால்தான் முதலீட்டாளர் பின்னாளில் ஈவுத்தொகையையோ பங்கு விற்ற பணத்தையோ அதிகாரபூர்வச் சந்தையில் டாலராக மாற்றி வெளியே எடுக்க முடியும். அவசரத்தில் நிறுவனரின் சொந்தக் கணக்கில் வாங்கிய 20,000 டாலருக்கு இந்தச் சான்றிதழ் இல்லை. பிறகு பெறுவதும் பெரும்பாடு. பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே வரட்டும். அனுப்பும் படிவத்தில் நோக்கம் 'பங்கு முதலீடு' என்றோ 'கடன்' என்றோ தெளிவாக இருக்கட்டும். ஒப்பந்தத்தையும் இயக்குநர் குழுத் தீர்மானத்தையும் பணம் வருவதற்கு முன்பே வங்கியிடம் கொடுங்கள். சேஃப் என்றால் என்னவென்று வங்கிக் கிளைக்குப் புரியாமல் போகலாம். அதை எந்த வகையில் பதிவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் தாய் நிறுவனம் பதிந்து, லாகோஸ் நிறுவனத்தை அதன் கீழ் வைப்பது இன்னொரு வழி. உள்ளூர் ஏஞ்சல்கள் மட்டும் போடும் கட்டத்தில் இது தேவையில்லாத செலவு. அமெரிக்க நிதியம் ஒன்று உறுதியாக வரும்போது செய்துகொள்ளலாம். செய்தால் மார்ச் 1 தேதியை மறக்க வேண்டாம். அங்கே பதிந்த நிறுவனம் ஆண்டுதோறும் கட்டும் டெலவேர் ஃபிரான்சைஸ் வரிக்கு அன்று கடைசி நாள். 1 கோடி பங்குக்கு அனுமதி வாங்கிய நிறுவனத்துக்கு 85,165 டாலர் என்று கணக்கு வந்து நெஞ்சை உலுக்கும். சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் மாற்று முறையில், சொத்து அதிகமில்லாத சிறு நிறுவனத்துக்கு அது குறைந்தபட்சமான 400 டாலராகிவிடும்.

செனகல், ஐவரி கோஸ்ட் போன்ற 17 நாடுகளுக்கு ஓஹாடா என்ற பொதுவான வணிகச் சட்டம் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பயன்படுத்தும் சிஎஃப்ஏ பிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டப்பட்டிருக்கிறது. நைராவோ 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலருக்கு 460 அளவில் இருந்து, 2024இல் 1,500ஐத் தாண்டியது. ஆகவே வருமான வளர்ச்சியை உள்ளூர்ப் பணத்திலும் டாலரிலும் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். டாலர் கோடு கீழே போனால் மறைக்க வேண்டாம். ஆர்டர் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டினால் தொழில் வளர்கிறதா, நாணயம்தான் வீழ்ந்ததா என்று படிப்பவருக்குப் புரியும்.

கென்யாவில் ஏஞ்சல்கள் முதலில் கேட்பது இரண்டு: இயக்குநர், பங்குதாரர் விவரம் உள்ள சிஆர்12 ஆவணம், மொபைல் பணச் சேவையான எம்-பெசாவில் வாடிக்கையாளர்கள் பணம் செலுத்தும் பேபில் கணக்கின் அறிக்கை. அறிக்கையில் மாதக் கடைசியில் ஒரே எண்ணிலிருந்து முழுத் தொகையாகப் பணம் விழுந்திருந்தால், அது நிறுவனரே போட்டுக்கொண்ட விற்பனையா என்ற கேள்வி வரும். உண்மையில் மொத்தக் கொள்முதல்காரர் என்றால் அவர் ரசீதை அருகிலேயே வையுங்கள்.

நைஜீரிய ஸ்டார்ட்அப் சட்டம் 2022, அரசின் ஸ்டார்ட்அப் முத்திரை பெற்ற நிறுவனத்தில் போடும் ஏஞ்சலுக்கு முதலீட்டில் 30 சதவீத வரிக்கழிவு தர வழிசெய்தது. நடப்பு வரிச் சட்டத்தில் அதன் நிலையை ஆலோசகரிடம் உறுதிசெய்த பிறகே டெக்கில் எழுதுங்கள்.

பணம் கேட்கும் முதலீட்டாளர்

வாட்ஸ்அப்பிலோ லிங்க்ட்இன்னிலோ "5 லட்சம் டாலர் தயார்" என்று வருபவர், 'சரிபார்ப்புக் கட்டணம்', 'சட்டக் கட்டணம்', 'காப்பீடு' என்று 1,500 டாலர் முன்கூட்டி அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். உண்மையான ஏஞ்சல் தன் பணத்தைத்தான் அனுப்புவார். முதலீட்டாளர் யாராக இருந்தாலும், அவர் முன்பு முதலீடு செய்த மூன்று நிறுவனர்களின் தொடர்பைக் கேளுங்கள். அந்த நிறுவனர்களிடம் நேரில் பேசுங்கள். ஒரு நிறுவனராவது தொழில் படுத்த காலத்தில் இவர் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்பவராக இருக்கட்டும்.

"இப்போது வேண்டாம்" என்றவர்களின் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், அரைப் பக்கம் அனுப்புங்கள்: விற்பனை, வங்கியில் எத்தனை மாதத்துக்குப் பணம், என்ன சறுக்கியது, எந்த ஒரு உதவி வேண்டும். நான்காவது மடலில் போன மாதம் சொன்ன எண்ணை எட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் பலர் போனை எடுக்கிறார்கள்.