கன்டெய்னர் ரூமுக்கு லேன் கேபிள் இழுக்கும் முன்

தோப்பில் போட்ட கன்டெய்னர் ரூமுக்குள் வீட்டு வைஃபை எடுக்கவில்லை என்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள். நாலு பக்கமும் இரும்பு. கதவைச் சாத்தினால் சிக்னல் வெளியே நின்றுவிடும். இதற்கு ரிப்பீட்டர் வாங்கி உள்ளே மாட்டுகிறார்கள். உள்ளேயே வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

அடுத்தது லேன் கேபிள். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்: மொட்டை மாடியிலிருந்து தென்னைக்கு, அங்கிருந்து கன்டெய்னர் கூரைக்கு. 100 மீட்டருக்குள் இருந்தால் நன்றாகவே ஓடும், கோடை மழை வரும்வரை.

இடி நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தோப்பில் விழுந்தாலே, நீளமாகத் தொங்கும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறி இரு முனைக்கும் பாயும். போதாக்குறைக்கு வீட்டு எர்த் வேறு, கன்டெய்னர் எர்த் வேறு. இடி விழும் கணத்தில் அந்த இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். அது பாயும் வழி உங்கள் கேபிள்தான். ஈதர்நெட் தரப்படி லேன் போர்ட் தாங்க வேண்டியது 1500 வோல்ட்.

“இடி இடிச்சதுமே பிளக்கை எல்லாம் பிடுங்கிட்டேனே தம்பி!” என்றார் ஒரு தோட்டக்காரர். பிளக்கைப் பிடுங்கினார், லேன் வயரை விட்டுவிட்டார். மோடம், டிவி, கேமரா ரெக்கார்டர் மூன்றும் போயின. மோடத்தின் லேன் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்கள் கருகி இருந்தன.

வெளியில் போகும் தூரத்துக்கு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஒற்றை இழை டிராப் கேபிள் (வெளியில் இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்), இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேன் சிக்னலாகவும் மாற்றும் சின்னப் பெட்டி), அவ்வளவுதான். கன்வெர்ட்டரை ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று ஏ, மற்றது பி. இரண்டும் ஏ என்றால் லிங்க் லைட் எரியாது. இன்னொன்று, டிராப் கேபிளோடு தாங்குகம்பியாக இரும்புக் கம்பி ஓடும். அதைக் கன்டெய்னர் உடம்பில் கட்டினால் ஃபைபர் போட்டதே வீண். உலோகமே இல்லாத, எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்) கம்பி வைத்த கேபிள் கேட்டு வாங்குங்கள்.

கேபிளே இல்லாமல் இரண்டு ஆன்டெனா வழியாக இணைக்கும் வயர்லெஸ் பிரிட்ஜும் உண்டு. இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். குறுக்கே தென்னை மட்டை ஆடினால், அதுவும் மழையில் நனைந்து ஆடினால், வீடியோ கால் திக்கும். அடர்ந்த தோப்புக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

உள்ளே வைக்க, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கரண்ட்டும் வீட்டிலிருந்தே போகிறது என்றால் அந்த லைன் வழியாகவும் சர்ஜ், அதாவது திடீர் மின்னழுத்த ஏற்றம், வரும். அதற்கான புரொடெக்டர், கன்டெய்னர் உடம்புக்கு எர்த் இரண்டையும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கேபிள் ஏற்கெனவே தொங்குகிறது, இப்போதைக்கு மாற்ற வழியில்லை என்பவர்கள் வானம் கருக்கும்போதே லேன் வயரை இரு முனையிலும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் அதைத் தொடாதீர்கள். மோடம் போனால் போகட்டும்.